இறக்கத்தில் கொளுத்திய கற்பூரம்

அப்பு,

நீ சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை. உன் சுகத்தைக் கெடுத்துவிட்டு வந்தவளே நான்தானே. மெட்ராஸிலிருந்து ரயிலேறி போடிக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். தோட்டத்துக்குப் போனால் ஏலக்காய் எடுக்கிற பெண்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். "ஏரோப்ளேன்ல போனீகளாமே ஆத்தா, நம்ம அப்புவே ஓட்டுச்சாமே, எப்படி இருந்துச்சு?" என்று ஒருத்தி மாற்றி ஒருத்தி கேட்கிறாள். "நல்லாத்தான் இருந்துச்சு, போய்ச் சோலியப் பாருங்கடி" என்று அதட்டிவிட்டுச் செடிகளுக்குள் நுழைந்துகொள்கிறேன். ஊரைக் கூட்டி வைத்துப் பெருமை அடித்திருக்க வேண்டியவள் இப்படி ஒளிந்து திரிகிறேன். வெட்கமாக இருக்கிறது அப்பு. உன்னை நினைத்து இல்லை, என்னை நினைத்து.

இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம் இல்லை. படித்ததும் மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிடாதே. உன் ஆபீசில் கொடு. விமானத்தில் எங்களைக் கவனித்துக்கொண்ட அந்தப் பெண் ரெஜினாவுக்கும் வாசித்துக் காட்டு. பலர் முன்னால் பேசிய பேச்சைப் பலர் படிக்கத்தான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஆபீஸ்காரர்களுக்கு நம் வீட்டுக் கதை தெரியாது என்பதால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். வழக்கம்போல "தெரியும் ஆத்தா, தெரியும் ஆத்தா" என்று தாண்டித் தாண்டிப் படிக்காதே.

உன் அப்பா போன பிறகு, மலைப்பாதையின் உச்சியான மெட்டுக்கு மேலே இருக்கிற நம் ஏலத்தோட்டத்தை நான்தான் பார்த்து வருகிறேன். வாரத்தில் பாதி நாள் போடியில், பாதி நாள் மலையில். சண்டை முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன பழைய ஜீப்பு ஒன்றை வாங்கிப்போட்டேன். பின்னால் மூட்டையும் ஆட்களும், முன்னால் டிரைவர் கருத்தப்பாண்டி, பக்கத்தில் நான். ஸ்டியரிங் பிடிப்பது அவன், ஓட்டுவது ஆத்தா என்று ஊரில் கேலி பேசுவார்கள். அது பொய்யும் இல்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் "ஆரன் அடி, கியரை மாத்து, ஓரமா ஒடிக்காதே" என்று கத்திக்கொண்டே வருவேன். நான் கத்துவதால்தான் வண்டி பள்ளத்தில் விழாமல் போகிறது என்று மனசார நம்பினேன். கருத்தப்பாண்டி பாவம், காதில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டப் பழகிவிட்டான்.

நம் மலையில் ஒரு வழக்கம் உண்டு. மேலேயிருந்து கீழே வருகிற எந்த வண்டியும் மெட்டில் நிற்காமல் இறங்காது. அங்கே கல்லாக நிற்கிற சாமிக்கு ஒரு கட்டிக் கற்பூரம் கொளுத்தி, அது எரிந்து அணையும்வரை நின்று, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டுதான் வண்டியை எடுப்பார்கள். ஏறும்போது மறந்தால் பரவாயில்லை, இறங்கும்போது மறக்கக் கூடாது. அதனால் என் சுருக்குப் பையில் வெற்றிலை இருக்கிறதோ இல்லையோ, கற்பூரமும் தீப்பெட்டியும் எப்போதும் இருக்கும். இதை ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். ஆபீஸ்காரர்களுக்கும் இன்னும் கொஞ்சத்தில் தெரிந்துவிடும்.

நீ மதுரையில் படிப்பை முடித்து, லைசென்சும் வாங்கிக்கொண்டு வந்து, "இன்னைக்கு நான் ஓட்டுறேன் ஆத்தா" என்று ஆசையாகக் கேட்டாய். சாவியைக் கொடுத்தேன். வாயைக் கொடுக்காமல் இருக்கத்தான் தெரியவில்லை. மெட்டிலிருந்து புறப்பட்டதிலிருந்து உன் காதுக்குள் கத்தினேன். நீ கருத்தப்பாண்டி இல்லை, உனக்கு என் பேச்சு ஒவ்வொன்றும் உள்ளே இறங்கியது. பாதி மலையில் ஒரு வளைவில் எதிரே லாரி வர, நீ திணறி, இஞ்சின் நின்றுபோனது. அவ்வளவுதான் நடந்தது. வண்டி உருளவில்லை, ஒரு மூட்டைகூடச் சரியவில்லை. ஆனால் நான் பின்னால் இருந்த ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் "இறங்குடா கீழே! ஒனக்கு வளைவும் தெரியல, வண்டியும் தெரியல" என்று உன்னை இறக்கிவிட்டேன். பின்னால் உட்காரச் சொன்னேன். நீ உட்காரவில்லை. மலையடிவாரத்து முந்தல்வரைக்கும் நடந்தே வந்தாய். நாங்கள் ஜீப்பில் உன்னைக் கடந்து போனபோது நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நீ அந்த வண்டியைத் தொட்டதே இல்லை.

பிறகு நீ மெட்ராஸுக்குப் போய் விமானம் ஓட்டக் கற்கிறேன் என்று வந்து நின்றாய். உன் மாமன்மார் வீட்டில் கூடி உட்கார்ந்து வேண்டாம் என்றார்கள். நான்தான் சம்மதித்தேன். நல்ல தாய் என்று நீ நினைத்திருப்பாய். என் மனசில் இருந்ததைச் சொல்கிறேன், கேள். ஆகாசத்தில் வளைவு கிடையாது, எதிரே லாரி வராது, அங்கே போய் இவன் எப்படியும் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்துத்தான் சம்மதித்தேன். உன் திறமையை நம்பி நான் எதுவும் செய்யவில்லை.

போன ஐப்பசியில் "திருச்சியிலிருந்து மெட்ராஸுக்கு என் விமானத்தில் ஒரு தடவை வாங்க ஆத்தா" என்று எழுதினாய். வந்தேன். புதுப் புடவை, அதற்கு மேலே சால்வை, மடியில் சுருக்குப் பை. திருச்சியில் உன்னை அந்த வெள்ளைச் சட்டையிலும் தொப்பியிலும் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. பெருமைப்பட்ட அந்தக் கொஞ்ச நேரம் நிஜம். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் வெறும் பிடாரி என்று உன் ஆபீசில் நினைப்பார்கள்.

உள்ளே ஏறினால் தரை சரிந்து கிடந்தது, வால் பக்கம் தாழ்ந்தும் மூக்குப் பக்கம் உயர்ந்தும். தோட்டத்துச் சரிவில் ஏறுகிற மாதிரி இருக்கையைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். ரெஜினா ஓடி வந்து முழங்கையைத் தாங்கி உட்கார வைத்தாள். வயிற்றில் பட்டையை மாட்டிவிட்டாள். நான் வெட்கப்படுவேன் என்று யாருக்கும் தெரியாமல் என் சால்வையை இழுத்து அதன்மேல் மூடிவிட்டாள் பார், அந்தப் பக்குவத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை. காது அடைக்கும் என்று பஞ்சு கொடுத்தாள், சப்புவதற்குப் புளிப்பு மிட்டாய் கொடுத்தாள். "நான் வெளியில பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன் தாயி" என்றேன். முகம் சுளிக்கவில்லை. "ஆரஞ்சுப் பழத்த நீங்களே உரிச்சுச் சாப்பிடலாமேம்மா, யார் கையும் படாது" என்று முழுப் பழமாகக் கொண்டு வந்தாள். அன்று விமானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அவள் ஒருத்திதான். ஒரு குழந்தை வாந்தி எடுத்தது, ஒரு கிழவர் குளிர்கிறது என்றார், ஒருவர் காப்பி ஆறிவிட்டது என்று சத்தம் போட்டார். எல்லாருக்கும் அதே சிரிப்பு. நம் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி விசாரிக்க நிற்கிற பெண்கள்கூட மூன்றாம் பந்தியில் சிடுசிடுப்பார்கள்.

விமானம் மேலே ஏறி நிதானமானதும் அவள் குனிந்து, "இப்ப உங்க மகன்தாம்மா ஓட்டுறார். பெரிய கேப்டன் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கார்" என்றாள். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னாள். எனக்கு அந்த லாரி வளைவுதான் ஞாபகம் வந்தது. அதுவரை ஜன்னலில் பஞ்சுப் பொதி மாதிரி மேகம் பார்த்துக்கொண்டு வந்தவள், அதற்குப் பிறகு எதையும் பார்க்கவில்லை. காலை ஊன்றிக்கொண்டு இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன்.

மெட்ராஸ் நெருங்கும்போது மழை பிடித்தது. ஜன்னல் கறுத்துப்போனது. விமானம் தூக்கிப் போட்டது, பக்கவாட்டில் தள்ளியது, இறக்கை ஆடுவது கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது நான் வாயை மூடிக்கொண்டு சாமியைக் கும்பிட்டிருக்கலாம். என் பக்கத்திலிருந்த பெண் அப்படித்தான் கும்பிட்டாள். நான் என்ன செய்தேன்? பட்டையோடு எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டு, "யாரு அவன் கையில குடுத்தது? பெரிய கேப்டன வெரசா எடுக்கச் சொல்லுங்க! அவனுக்கு வளைவு தெரியாது!" என்று கத்தினேன்.

முன்னால் இருந்த கோட்டுக்காரப் பெரியவர் திரும்பி, "அவரை உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். "பெத்தவ சொல்றேன், ஜீப்பே ஓட்ட வராதுங்க அவனுக்கு!" என்றேன். அப்பு, அதைச் சொன்னதும் விமானத்தில் இருந்தவர்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதுவரை மழைக்குப் பயந்தவர்கள் உனக்குப் பயப்பட ஆரம்பித்தார்கள். ஒருவர் மணியை அடித்தார், ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். பெற்ற தாயே சொன்னால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? ரெஜினா ஆடுகிற தரையில் ஒவ்வோர் இருக்கையாகப் பிடித்து வந்து, எல்லாரிடமும் குனிந்து குனிந்து பேசினாள். என்னிடம் வந்து ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. என் கையைப் பிடித்து, "இன்னும் கொஞ்ச நேரந்தாம்மா. இறங்கப் போறோம்" என்றாள்.

இறங்கப் போகிறோம் என்றாள் அல்லவா, அது போதும் எனக்கு. கற்பூரம் கொளுத்தாமல் இறங்குவதா? பயத்தில் வேறு புத்தி ஓடவில்லை. இருக்கையின் கைப்பிடியில் சிகரெட் சாம்பல் தட்டுகிற சின்னத் தகரப் பெட்டி இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் அதில் ஒரு கட்டியை வைத்துக் கொளுத்திவிட்டேன். இரண்டு கையையும் சேர்த்துக் கண்ணை மூடினேன். விமானம் ஒரு குலுங்கு குலுங்கியது. கண்ணைத் திறந்தால் கற்பூரம் தரை விரிப்பில் விழுந்து எரிகிறது. பக்கத்துப் பெண் வீல் என்று கத்தினாள். ரெஜினா எங்கிருந்து பாய்ந்து வந்தாள் என்றே தெரியவில்லை, வெறும் உள்ளங்கையால் அதைப் பொத்தினாள். தண்ணீர் தேடவில்லை, துணி தேடவில்லை. அணைந்த பிறகு அந்தக் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு மற்றக் கையால் என் பட்டையைச் சரிபார்த்தாள். "ஒண்ணும் இல்லம்மா. சாமி பாத்துக்கும், உக்காருங்க" என்றாள். அவள் உள்ளங்கை வெந்து சிவந்திருந்ததைக் கீழே இறங்கிய பிறகுதான் பார்த்தேன்.

இப்போது நான் ஒரு பயணியாக ஆபீசுக்குச் சாட்சி சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. அந்த மழையில், அந்தக் காற்றில், விமானம் ஒரு முறை பெரிதாக வட்டமிட்டது. சரிந்து திரும்பியபோதும் யாரோ கையில் ஏந்தித் திருப்புகிற மாதிரிதான் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு குலுங்கல் இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, தரையில் மோதப்போகிற நொடிக்குக் காத்திருந்தேன். மோதவே இல்லை. ஜன்னலில் ஈரமான சிமெண்டுத் தரை ஓடிக்கொண்டிருந்தது. "எப்ப தாயி இறங்கும்?" என்று ரெஜினாவைக் கேட்டேன். "இறங்கி ஓடிக்கிட்டிருக்கோம்மா" என்றாள். எத்தனையோ வருஷமாக இறக்கம் இறங்கிப் பழகிய உடம்பு இது அப்பு. எந்த டிரைவர் எந்த வளைவில் பிரேக்கை எப்படி மிதிக்கிறான் என்று என் முதுகெலும்புக்குத் தெரியும். அந்த உடம்புக்கே தெரியாமல் நீ என்னைப் பூமியில் வைத்தாய். இப்படி ஒரு இறக்கத்தை நான் என் ஆயுசில் கண்டதில்லை. ஆபீசில் கேட்டால், கண்ட பயணி ஒருத்தி போடியில் இருக்கிறாள் என்று சொல்.

அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் இவ்வளவும் வந்திருக்காது. படிக்கட்டின் கீழே கோட்டுக்காரர் பெரிய கேப்டனிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நீ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் பக்கத்தில் நின்றாய். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, "பாத்து இறங்குங்க ஆத்தா, படி வழுக்கும்" என்றாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல், "எனக்குத் தெரியும், நீ போ" என்றேன். தப்பு செய்தவள் நான், முறைத்துக்கொண்டவளும் நான்.

உன் அறையில் தங்கியிருந்த நாளில் பெரிய கேப்டன் வந்தார். நீ காப்பிப் பொடி வாங்கக் கடைக்குப் போயிருந்தாய். அவர் மரியாதையாகத்தான் பேசினார். கோட்டுக்காரர் ஆபீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்றும், பெற்ற தாயே லாயக்கில்லை என்ற பையனிடம் மழையில் ஏன் விமானத்தைக் கொடுத்தார்கள் என்று மேலே கேட்கிறார்கள் என்றும் சொன்னார். நீ கேப்டன் ஆவதற்கான பரீட்சையை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். தீ வைக்கும்வரை என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்று ரெஜினாவை விமானம் ஏறவிடாமல் உட்கார வைத்திருக்கிறார்களாம். "ஒரு பயணி எழுதினதுக்கு இன்னொரு பயணி பதில் எழுதினா ஆபீஸ் கேக்கும்மா. நடந்தத நீங்க நாலு வரி எழுதிக் குடுங்க, போதும்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார், நல்ல மனுஷன். "பெத்தவ நாலு வார்த்தை பேசுனா குத்தமா? எழுதிக் குடுக்கிற வழக்கமெல்லாம் எங்க வீட்ல இல்ல" என்றேன். எழுதினால் நான் பேசியது தப்பு என்று ஆகிவிடும் அல்லவா? என் வாய்க்கு வந்த அந்தக் கௌரவத்துக்காக உன் உத்தியோகத்தையும் ஓர் ஏழைப் பெண்ணின் பிழைப்பையும் அடகு வைத்துவிட்டு எழுந்துகொண்டேன். நீ திரும்பி வந்து உன் கையாலேயே காப்பி போட்டு ஆற்றிக் கொடுத்தாய். இனி விமானம் வேண்டாம் என்றேன், ரயிலில் ஏற்றிவிட்டாய்.

நாளைக்கு நீ பெரிய கேப்டன் ஆவாய். உன் பக்கத்திலும் ஒரு சின்னப் பையன் உட்காருவான். அவன் கையில் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். அவன் திணறினால் காத்திரு. முடியாவிட்டால் வாங்கிக்கொள். ஆனால் பின்னால் இருப்பவர்கள் காதில் விழும்படி அவனை இறக்கிவிடாதே. உனக்குப் பிள்ளை பிறந்தாலும் அப்படித்தான். இதை உனக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பாயானால், இந்தத் தப்பை என்னைவிட நன்றாகச் செய்தவர்கள் இந்த மலையில் யாரும் இல்லை, அதுதான் தகுதி.

பெரிய கேப்டன் படி இறங்கும்போது சொன்ன இன்னொன்றும் இருக்கிறது. இவ்வளவு பக்கம் எழுதியும் அதை எழுதக் கை வராமல் தள்ளித் தள்ளி வந்தேன். விமானத்தில் நீங்கள் உட்கார்ந்து ஓட்டுகிற அறையின் கதவு அன்று திறந்துதான் இருந்ததாம். நான் கத்தியது ஒரு வார்த்தை விடாமல் உனக்குக் கேட்டதாம். அவர் உன்னைப் பார்த்து, "நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாராம். நீ கையை எடுக்கவில்லையாம். "வேணாம் சார். எங்க ஆத்தா பயந்து போயிருக்காங்க. அலுங்காம இறக்கணும். நானே இறக்குறேன்" என்றாயாம்.

எனக்குப் பழகிப்போன வாய் இது, இந்த வயசில் எவ்வளவு தூரம் அடங்கும் என்று தெரியவில்லை. ஆனால் ஆபீசில் என்னை நேரில் கூப்பிட்டால் வருகிறேன். கோட்டுக்காரரையும் கூப்பிடச் சொல், அவர் முன்னாலேயே சொல்கிறேன். ரெஜினாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்கும் வர வேண்டும். ரயில் வேண்டாம் அப்பு. விமானத்துக்கே டிக்கெட் போடு. நீ ஓட்டுகிற நாளாகப் பார்த்துப் போடு.

உன் விமானத்தில் வந்த பயணி,
உன்னைப் பெற்றவள்.